பரீது பாயும் கோழிக்குஞ்சு வண்டியும்

பட்டறைக்கு வண்டி வந்து நின்றால் மற்ற மெக்கானிக்குகள் டயரைப் பார்ப்பார்கள், அடியில் குனிந்து டார்ச் அடிப்பார்கள். ஷேக் பரீது இரண்டையும் செய்ய மாட்டார். டிரைவரைப் பார்த்து, "என்ன ஏத்தறீங்க?" என்று கேட்பார். சிமெண்ட் என்று சொன்னால் எத்தனை மூட்டை என்பார். வாழைத்தார் என்றால் படுக்க வைத்தா, நிறுத்தி வைத்தா என்பார். எங்கே ஏற்றுகிறீர்கள், எங்கே இறக்குகிறீர்கள், திரும்பி வரும்போது காலியாக வருகிறீர்களா, பக்கத்து சீட்டில் யார் உட்காருவார், அவர் என்ன எடை இருப்பார். சட்டென்று வேலையை முடித்துக்கொண்டு கிளம்பலாம் என்று வந்த ஆள் வெறுத்துப் போவான். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்பதில்லை என்று முனகியவர்கள் உண்டு. முனகியவர்களே அடுத்த தடவையும் அவரிடம்தான் வந்தார்கள்.

அவருடைய பட்டறை உக்கடத்தில், பெரிய குளத்துக்குப் பின்பக்கம். வேலை, பட்டை வேலை. லாரி, பிக்கப் வண்டிகளின் அடியில் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே, வில் மாதிரி வளைத்த இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். அந்தத் தகடுகளைத்தான் பட்டை என்பது. சுமையைத் தாங்குவதும் ரோட்டுப் பள்ளத்தை வாங்கிக்கொள்வதும் அதன் பொறுப்பு. எங்கள் பக்கத்து வண்டிக்காரர்களுக்குப் பட்டை விஷயத்தில் ஒரே ஆசைதான், ஒன்று கூடச் சேர்க்க வேண்டும். புது வண்டியை எடுத்து, கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, நேரே பட்டறைக்கு ஓட்டி வந்து, "ரெண்டு பட்டை சேத்திப் போட்டுருங்க" என்பார்கள். கம்பெனிக்காரன் கணக்குப் போட்டுச் செய்தது நம் ஊர்ப் பாரத்துக்கு ஆகாது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது.

பரீது பிறந்தது கோட்டைமேட்டில். அத்தா குடை ரிப்பேர் செய்தவர். எந்தக் கம்பி முதலில் வளைகிறது என்று பார்ப்பதற்காக யாருடைய குடையையோ எட்டுக் கம்பியும் தனித்தனியாகக் கழற்றிப் போட்டு, பத்து வயதில் அத்தாவிடம் செம அடி வாங்கினார். எட்டாவதோடு படிப்பு நின்றது. லாரிப் பட்டறைக்கு வந்தார். பதினேழு வயதில் ஒரு நாள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் வாழைக்காய் லாரியின் மேல் ஏறி மைசூர் வரை போய்விட்டு மூன்றாம் நாள் வந்து நின்றார். அதற்குள் அத்தா பெரியாஸ்பத்திரி வரைக்கும் தேடி முடித்திருந்தார். காரணம் இவ்வளவுதான்: பட்டறைக்கு வருகிற வண்டிகளில் எல்லாம் இடது பக்கப் பட்டைதான் முதலில் தொங்கிப்போயிருக்கிறது, அது ஏன் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வழியில் மழை பிடித்தபோது தெரிந்துவிட்டது. தண்ணீர் வடிவதற்காக ரோட்டை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போட்டிருக்கிறார்கள். இடது ஓரமாகவே போகிற வண்டி ஆயுசுக்கும் இடது பக்கம் சாய்ந்தே ஓடுகிறது. அதிலிருந்து இடது பட்டைக்குக் கொஞ்சம் கூடுதல் வளைவு கொடுக்க ஆரம்பித்தார். சுமையோடு சுமையாகப் பின்னால் உட்கார்ந்து போய்ப் பார்க்கும் பழக்கமும் அந்த மைசூர்ப் பயணத்தில் ஒட்டிக்கொண்டதுதான்.

1995 தை மாதம், நாற்பத்தெட்டு வயது பரீதின் முன்னால் ரவிக்குமார் ஒரு பிக்கப்பைக் கொண்டு வந்து நிறுத்தினார். முப்பது வயது, பல்லடம் பக்கத்து ஆள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் ஆடுமாடு மேய்த்து, களை எடுத்துக் காலம் தள்ளியவர்கள். ரவிக்குமார் கிளீனராக லாரி ஏறி, பத்து வருடம் அடுத்தவர் வண்டி ஓட்டி, இப்போதுதான் சொந்தமாக ஒன்று வாங்கியிருந்தார். தடாகத்தில் செங்கல் சுமந்துகொண்டிருந்த பழைய பிக்கப். வீட்டுக்காரி கிருபா திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"என்ன ஏத்தறீங்க தம்பி?"

"கோழிக்குஞ்சுங்க பாய். ஒரு நாள் குஞ்சு."

பரீது கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். முப்பது வருடத்தில் அவர் கேள்விக்கு இப்படி ஒரு பதில் வந்ததில்லை.

விவரம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பல்லடத்துக்குப் பக்கத்தில் குஞ்சு பொரிக்கிற பண்ணை ஒன்று. அங்கிருந்து தாராபுரம் தாண்டி சென்னியப்பன் என்பவரின் கோழிப்பண்ணைக்கு வாரத்தில் இரண்டு நாள் குஞ்சு கொண்டுபோக வேண்டும். அட்டைப் பெட்டிக்கு நூறு, பதினாறு பெட்டி, ஆயிரத்து அறுநூறு குஞ்சு. ஆறு நடை ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வழியில் சாகிற குஞ்சு நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது, அதாவது பதினாறுக்கு மேல் ஆகாது. சரியாகக் கொண்டுபோனால் வருடம் முழுக்க ஓட்டம். இல்லாவிட்டால் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, ரவிக்குமார் மறுபடியும் அடுத்தவர் வண்டிக்கு டிரைவராகப் போக வேண்டியதுதான். முதல் நடையில் இருபத்து நாலு செத்துப்போயிருந்தது.

"குஞ்சு நிக்குமா, உக்காருமா?"

"ரெண்டும்ங்க பாய்."

"ஒரு குஞ்சு என்ன எடை இருக்கும்?"

"நாப்பது கிராம்னு சொல்றாங்க."

பரீது மனசுக்குள் பெருக்கினார். பட்டறையில் சம்மட்டி அடிக்கும் மாசாணத்தைத் திரும்பிப் பார்த்தார். மாசாணம் ஐம்பதைத் தாண்டியவர், அளந்து பேசுகிறவர்.

"மொத்தச் சுமையும் நம்ம மாசாணண்ணன் எடைதான். செங்கல் ஏத்தறதுக்குக் கட்டுன பட்டைமேல இவரு ஒருத்தரை உக்கார வெச்சாத் தூக்கித் தூக்கிப் போடாம என்ன செய்யும்?"

இரண்டு நாள் வேலை. பழைய முதலாளி சேர்த்துப் போட்டிருந்த இரண்டு பட்டையைக் கழற்றினார், கம்பெனிப் பட்டையிலேயே இன்னும் ஒன்றையும் எடுத்தார். மீதியைக் காய்ச்சி வளைவு திருத்தினார். ரப்பர் புஷ்ஷெல்லாம் புதிது. கார்களுக்குப் போடுகிற மெத்தென்ற ஷாக் அப்சார்பர் இரண்டை வாங்கி, அதற்குத் தகட்டில் தாங்கி வெட்டி மாட்டினார். பச்சைக் குஞ்சு, முட்டையிலிருந்து நேற்று வந்தது, அதைத் தொட்டிலில் போட்ட மாதிரி கொண்டுபோக வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். முடிந்ததும் பின்தளத்தில் ஒரு டம்ளர் டீயைத் தளும்பத் தளும்ப வைத்து, ரவிக்குமாரைப் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, உக்கடத்திலிருந்து நேர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் போய் வந்தார். டீ சிந்தவில்லை. டம்ளரைத் தூக்கிக் காட்டியபோது பரீதின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் என்னவென்று சொல்ல. அந்த டீயை அவரே குடித்தார்.

வழக்கமாகச் செய்கிற ஒன்றை மட்டும் அவர் செய்யவில்லை. சுமையோடு பின்னால் ஏறிப் போகவில்லை. நோய் வந்துவிடும் என்று குஞ்சுப் பண்ணைக்குள் வெளியாளை விடமாட்டார்கள் என்று ரவிக்குமார் சொன்னார். சரி, டீ சிந்தவில்லையே, போதும் என்று விட்டுவிட்டார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் மரியாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டு ஆளுக்கு அடுத்தவர் செய்த வேலையை முகத்துக்கு நேரே குறை சொல்ல வாய் வராது. முடி வெட்டும்போது காதில் கீறல் விழுந்தால், "பரவாயில்லீங்க" என்று வெட்டுப்பட்டவன்தான் சொல்வான். கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்பே இல்லையென்றாலும் ருசியாக இருந்தது என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு இன்னொரு தரம் சாப்பிடுவான். இதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு இதில் பாதிதான் பெருமை, மீதிப் பாதி எரிச்சல்.

பட்டை கழற்றிக் கட்டிய வண்டியைப் பத்து நாள் கழித்து மறுபடி கொண்டுவரச் சொல்வது பரீதின் வழக்கம். புதிதாகக் கட்டியது ஓட ஓடப் படிந்து, பட்டையை அச்சோடு பிடித்திருக்கிற யு-போல்ட் தளர்ந்திருக்கும், முறுக்கி விட வேண்டும். ரவிக்குமார் சொன்ன நாளில் வந்தார்.

"குஞ்சு எப்படித் தம்பி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க பாய்."

"வண்டி?"

"வண்டிக்கென்னங்க. தொட்டில்ல படுத்தாப்பல இருக்குது."

சொல்லும்போது அவர் பரீதின் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்களைப் பார்த்தார். பரீது அடியில் படுத்தார். யு-போல்ட்டை முறுக்கிக்கொண்டே மேலே பார்த்தவர் கையை நிறுத்தினார். பட்டைக்கு நேர் மேலே, சட்டத்தின் அடிப்பக்கத்தில், கறுப்பாக ரப்பர் தேய்ந்த தடம் இருந்தது. அந்தப் பக்கத்திலும் அதே இடத்தில் அதே தடம். அங்கே அவர் ரப்பர் எதுவும் வைக்கவில்லை. கம்பெனிக்காரனும் வைக்கவில்லை. விரலால் தேய்த்து மூக்கில் வைத்துப் பார்த்தார், டயர் நாற்றம் அடித்தது. டயர் உருள்வது அச்சின் இரண்டு முனையிலும், இங்கே எப்படி ஏறும்?

"எத்தனை குஞ்சு சாவுது தம்பி இப்ப?" என்று அடியிலிருந்தபடியே கேட்டார்.

"குஞ்சுன்னா நாலு சாவத்தானுங்க செய்யும்" என்றது மேலேயிருந்து குரல்.

அன்று சாயங்காலம் ஜாஹிதா, அவர் வீட்டுக்காரி, சோற்றைப் போட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீது சோற்றைப் பிசைந்து பிசைந்து இடத்தை மாற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க யோசனை?"

விஷயத்தைச் சொன்னார். ரப்பர் தடத்தைச் சொன்னார். ரவிக்குமார் நன்றாக இருக்கிறது என்று சொன்னதையும் சொன்னார்.

"போன பெருநாளுக்கு நான் செஞ்ச பிரியாணியை எல்லாரும் என்னன்னு சொன்னாங்க?" என்றாள் ஜாஹிதா.

"அருமைன்னாங்க."

"ஒருத்தராச்சும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்குனாங்களா? அடிப்பிடிச்சுப் போச்சுன்னு எனக்கு அதுலதான் தெரிஞ்சுது. இந்த ஊர்ல யாரு வாயையும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காதீங்க. நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்க."

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் பரீது பல்லடம் போய் இறங்கினார். விடிந்தும் விடியாத நேரம். பண்ணை கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். பிக்கப் வெளியே வந்தது. அவரைக் கண்டதும் ரவிக்குமாருக்கு முகம் செத்துப்போனது.

"பாய், நீங்க எங்கீங்க இந்நேரத்துல."

"சும்மாதான் தம்பி. ஆயுசுல கோழிக்குஞ்சு கூடப் போனதில்லை. பின்னாடி ஏறிக்கறேன்."

"முன்னாடி உக்காருங்க பாய். பின்னாடி நாத்தமடிக்கும்ங்க."

"இருக்கட்டும்."

முடியாது என்று சொல்லவும் வாய் வராதே. ரவிக்குமார் தார்ப்பாயைத் தூக்கிவிட்டார்.

உள்ளே கீச்சுக் கீச்சென்று ஒரே இரைச்சல். முதல் பத்து நிமிடம் பரீதுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு காது பழகிற்று. நேர் ரோட்டில் போகும்போது அந்தச் சத்தம் சோறு கொதிக்கிற மாதிரி அடங்கி ஒரே சீராக இருந்தது. பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறினால் அத்தனையும் ஒரு நொடி சட்டென்று ஓய்ந்து, பிறகு மறுபடியும் பழையபடி ஆரம்பித்தது. அவர் எண்ண ஆரம்பித்தார். ஒரு பள்ளம், ஒரு ஓய்வு. இன்னொரு பள்ளம், இன்னொரு ஓய்வு. மூடியைத் தூக்கிப் பார்த்தார், குஞ்சுகள் அங்கங்கே நின்றுகொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தன. பள்ளம் இவற்றை ஒன்றும் செய்யவில்லை என்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

தாராபுரம் தாண்டி வாய்க்கால் ஓரமாகப் போகிற ரோட்டில் வண்டி திரும்பியது. அந்த ரோட்டில் நேர் என்பதே கிடையாது, வயலுக்கு வயல் வளைவு. முதல் வளைவிலேயே சத்தம் மாறிவிட்டது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் மெல்லிசாக, கூர்மையாக ஒரு அலறல். வண்டி வலது பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, இடது பக்கம் சாய்ந்து, மறுபடி ஒருமுறை ஆடித்தான் அடங்கியது. பரீது மூடியைத் தூக்கினார். நூறு குஞ்சும் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. மேலே கிடந்தவை இறங்கி ஓடின. அடியில் கிடந்தவற்றில் இரண்டு எழுந்திருக்கவில்லை.

அவர் அந்த இரண்டையும் கையில் எடுத்தார். இன்னும் சூடு இருந்தது. பிறகு ஒரு காரியம் செய்தார், எழுந்து நின்றார். மேல் கம்பியைப் பிடிக்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு, சும்மா நின்றார். அடுத்த வளைவில் கால் வழுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் இடித்து விழுந்தார். முட்டி சிராய்த்துவிட்டது. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து யோசித்தார். தொட்டில் படுத்திருக்கிற பிள்ளைக்கு. டீ டம்ளருக்குக் காலே இல்லை, இருக்கிற இடத்தில் பிடித்துக்கொண்டு இருக்கும். இவை நேற்றுக் காலையில் கிடைத்த காலை வைத்துக்கொண்டு நிற்கிற ஜீவன்கள். நிற்கிறவனுக்கு மெத்தென்று ஆடுகிற வண்டியைவிடச் சத்துரு கிடையாது. இதை எவ்வளவு அழகாகச் செய்து கொடுத்தோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது.

டிரைவர் கேபின் தகரத்தை ஓங்கித் தட்டினார். வண்டி வாய்க்கால் ஓரத்தில் நின்றது. ரவிக்குமார் இறங்கி வந்தார். பரீது கையில் இருந்ததைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"தம்பி, பட்டைக்கு மேல ரப்பர் தடம் இருக்குதுங்களே, அது என்ன?"

ரவிக்குமார் கேபின் கதவைத் திறந்தார். பிறகு சீட்டைத் தூக்கி, அடியிலிருந்து நாலு துண்டு பழைய லாரி டயரை எடுத்து ரோட்டோரம் வைத்தார். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கயிறு கட்டியிருந்தது.

கதை இதுதான். பட்டை மாற்றிய பிறகு போன முதல் நடையில் நாற்பத்தொரு குஞ்சு செத்துப்போயிற்று. வண்டி ஆடுவதுதான் காரணமோ என்று ரவிக்குமார் டயரை வெட்டிப் பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே அடைத்தார். ஆட்டம் குறைந்தது, ஆனால் கல்லு மாதிரி தூக்கிப் போட்டுப் பெட்டி ஒன்றன்மேல் ஒன்று சரிந்தது. அதில் இருபத்திரண்டு, அடுத்ததில் இருபத்தொன்று. யு-போல்ட் முறுக்க உக்கடம் வந்த அன்று, வழியில் சூலூரில் நிறுத்தி, நாலு துண்டையும் கழற்றிச் சீட்டுக்கடியில் ஒளித்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். இன்றைக்குப் பரீது பின்னால் ஏறிக்கொண்டதால் அடைக்க வழியில்லாமல் போயிற்று.

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன தம்பி?"

"எத்தனை பிரயாசைப்பட்டுச் செஞ்சு குடுத்தீங்க பாய். டம்ளரைத் தூக்கிக் காட்டுனீங்க. அந்த மொகத்தைப் பாத்துட்டு நல்லா இல்லீன்னு எப்படீங்க சொல்றது?"

பரீதுக்குக் கோபம் வந்தது. வாழ்நாளில் வாடிக்கையாளர் ஒருவரிடம் குரலை உயர்த்தாத மனுஷன், ரோட்டோரத்தில் நின்று கத்தினார்.

"எம்மொகம் கோணக்கூடாதுன்னு உங்க பொழப்பையே குடுத்துருவீங்களா? ஊட்டுல பொம்பளப்புள்ள பனியன் கம்பெனியில நின்னுட்டுக் கெடக்குது. நீங்க எனக்கு மரியாதை பண்ணிட்டுக் கெடக்கறீங்க. இந்த மரியாதையை நான் எங்க கொண்டுபோய் வெக்கறது தம்பி? இந்தக் குஞ்சுக எங்கிட்ட வந்து என்ன கேக்கும்?"

பரீதே கீழே படுத்து, அந்த டயர்த் துண்டுகளை அடைத்துக் கயிற்றை முடிந்தார். மீதி வழியை அப்படியே ஓட்டினார்கள்.

சென்னியப்பனின் பண்ணையில் பெட்டி பெட்டியாகத் திறந்து எண்ணியதில் முப்பத்தேழு. சென்னியப்பன், "பரவாயில்லீங்க, ஒண்ணு ரெண்டு கூடப் போயிருச்சு, அவ்வளவுதானுங்க" என்று சொல்லிக்கொண்டே சீட்டில் முப்பத்தேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது குஞ்சுப் பண்ணை மேற்பார்வையாளர் சென்னகிருஷ்ணன் அந்தச் சீட்டை வாங்கிப் படித்தார்.

"திங்கக்கிழமை கடைசி நடைங்க. அதுவும் பதினாறைத் தாண்டுச்சுன்னா வேற வண்டி பாத்துக்கச் சொல்லியிருக்கறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்று சிரித்த முகத்தோடு சொன்னார்.

நாலே நாள். அதில் வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போன நேரம் போக மற்ற நேரமெல்லாம் பரீதுக்கு இந்த வண்டி வேலைதான். கழற்றிய கம்பெனிப் பட்டை ஒன்றைத் திரும்பச் சேர்த்தார். கார் ஷாக்கைத் தூக்கி எறிந்துவிட்டுக் கொஞ்சம் முறுக்கானதைப் போட்டு, நேராக நிறுத்தாமல் சாய்த்து மாட்டினார். ஆனாலும் ஒரு பக்கம் சாயும்போது மறு பக்கத்தையும் பிடித்து இழுக்க ஏதாவது வேண்டும். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் ஒரு பகல் முழுக்கத் தேடி, நொறுங்கிப்போன ஒரு வேனின் அடியிலிருந்து விரல் பருமனுக்கு மேலே இருந்த வளைந்த கம்பியைக் கண்டுபிடித்தார். வண்டி சாயாமல் பிடிப்பதற்கென்றே போடுகிற கம்பி அது. ஆனால் நீளம் நாலு அங்குலம் கூட. மாசாணமும் அவருமாகக் காய்ச்சி, தட்டி, முனைகளை உள்ளே மடித்து, அச்சோடும் சட்டத்தோடும் ரப்பர் வைத்துப் பூட்டினார்கள். இரண்டு தடவை பொருந்தவில்லை. மூன்றாவது தடவை பொருந்தியது.

"டம்ளர் வெக்கட்டுங்களா பாய்?" என்று கேட்டார் ரவிக்குமார்.

"டம்ளரை ஒடைச்சு எறிங்க. மாசாணண்ணா, செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறுங்க. கையைக் கட்டிட்டு நில்லுங்க, ஒண்ணையும் புடிக்கக்கூடாது."

மாசாணம் ஏறி நின்றார். "உழுந்தா ஆஸ்பத்திரி செலவு உங்களுது பாயி" என்று மட்டும் சொன்னார். உக்கடத்துச் சந்துகளில் வளைத்து வளைத்து மூன்று சுற்றுப் போனார்கள். மாசாணம் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. இறங்கி, "ரெண்டு எடத்துல தள்ளுச்சு. நின்னுக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை காலையில் கிருபா லீவு போட்டுவிட்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பரீது பின்னால். இந்தத் தடவை உட்காரவே இல்லை, தாராபுரம் வரை நின்றபடியே போனார். வாய்க்கால் ரோட்டு வளைவுகள் வந்தன. சத்தம் கொஞ்சம் ஏறி இறங்கியது. அலறல் இல்லை. மூடியைத் தூக்கிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை, காதையே கொடுத்துக்கொண்டு நின்றார்.

சென்னியப்பனின் ஆட்கள் பெட்டியைத் திறந்தார்கள். முதல் பெட்டியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்று. ஐந்தாவதில் இரண்டு. கிருபா வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு விரலை மடக்கினாள். பத்தாவது பெட்டி வரை ஏழு. பன்னிரண்டாவதில் மூன்று சேர்ந்து கிடந்ததைப் பார்த்து ரவிக்குமார் வெளியே போய்விட்டார். பதினாறாவது பெட்டியைத் திறந்து முடித்தபோது மொத்தம் பதினொன்று. கிருபா மடக்கிய விரல்களைப் பிரிக்க மறந்துபோய் அப்படியே நின்றாள்.

குஞ்சுப் பண்ணைக்குத் திரும்பியதும், சீட்டைப் பார்த்த சென்னகிருஷ்ணன், "வியாழக்கிழமை அஞ்சு மணிக்கெல்லாம் வந்துருங்க. இனி எல்லா நடையும் உங்க வண்டிதானுங்க" என்றார்.

பரீதை உக்கடத்தில் விடுவதற்காக மூன்று பேரும் முன் சீட்டில் நெருக்கி உட்கார்ந்து கிளம்பினார்கள். பல்லடம் தாண்டி, சூலூர் வரை அவரவர் சந்தோஷத்தை அவரவர் வைத்துக்கொண்டிருந்தார்கள். சிங்காநல்லூர் வரும்போது ரவிக்குமார் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க பாய், ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க தம்பி."

"வண்டி எனக்குப் புடிக்கலீங்க. முன்ன மாதிரி சொகமா இல்லீங்க. ஒவ்வொரு குழிக்கும் நடு முதுகுல குத்துது."

கிருபா பதறிப்போய் அவர் தொடையில் கிள்ளினாள். "பாய்கிட்ட என்ன பேச்சுப் பேசறீங்க நீங்க" என்றாள்.

பரீது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பினார்.

"இன்னொரு தரம் சொல்லுங்க தம்பி" என்றார்.

ரவிக்குமார் இன்னொரு தரம் சொன்னார். இடது பக்கம் கிரீச்சென்று ஒரு சத்தம் வருகிறது, அதையும் பார்க்க வேண்டும் என்று சேர்த்துச் சொன்னார்.